தேநீர் நிறத் தண்ணீரில் நீலத் துடுப்பு: மூன்று தொட்டிகளின் பதிவு

புளோரிடாவில் டன்னெலன் என்ற சிற்றூரில் ரெயின்போ ஆறு வித்லக்கூச்சி ஆற்றில் போய்ச் சேர்கிறது. ரெயின்போ சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊற்றாகப் பொங்கி, ஒன்பது கிலோமீட்டர் போல ஓடி வரும் ஆறு. அடியில் கிடக்கும் மணலை எண்ணிவிடலாம் போலத் தெளிவு. வித்லக்கூச்சியோ சதுப்புக் காடுகளின் இலையும் பட்டையும் ஊறி வருவது; கடும் தேநீர் நிறம். இரண்டும் சேரும் இடத்தில் தெளிந்த நீரும் கறுத்த நீரும் கோடு போட்டது போலப் பிரிந்து நிற்பதைப் படகிலிருந்தே பார்க்கலாம். ஊற்று நீர், சதுப்பு நீர் என்ற இந்த இரண்டு வகையிலும் வாழ்கிற ஒரு சின்ன மீன் உண்டு. நான் இந்த மாநிலத்தின் வடபகுதிக்குக் குடிவந்த பிறகு மீன் வளர்ப்பில் என் கவனம் முழுவதும் அதன் மேல்தான்.

ப்ளூஃபின் கில்லிஃபிஷ். அறிவியல் பெயர் லுகானியா குடெய். அதிகம் போனால் ஐந்து சென்டிமீட்டர். மூக்கு நுனியிலிருந்து வால்வரை பக்கவாட்டில் ஒரு கருங்கோடு. பெண் மீனின் துடுப்புகளில் நிறம் எதுவும் இராது. ஆண்தான் பார்க்க வேண்டியது. அதன் குதத் துடுப்பு (அடிப்பக்கத்தில் வாலுக்கு முன்னால் இருப்பது) சில மீன்களில் சிவப்பு, சிலவற்றில் மஞ்சள், சிலவற்றில் நீலம். இரண்டு நிறம் கலந்தவையும் உண்டு. ஒரே ஓடையில், ஒரே செடிக்கூட்டத்தில் இவை எல்லாம் சேர்ந்தே இருக்கும். எந்த ஓடையில் எந்த நிறம் மிகுதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ரெபெக்கா ஃபுல்லர் என்ற உயிரியலாளர் புளோரிடாவின் பல நீர்நிலைகளில் இந்த மீனைப் பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, தண்ணீரில் எந்த ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்பதை வைத்தே அங்கே எந்த நிற ஆண் மிகுதி என்று சொல்லலாம் எனக் காட்டியது. தெளிந்த ஊற்றுகளில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி. கறுத்த சதுப்பு நீரில் நீலம் மிகுதி. முதல் முறை கேட்கும்போது இது தலைகீழாகத் தோன்றும். சதுப்பு நீரில் நீல ஒளியே அரிது. எங்கே நீல ஒளி இல்லையோ அங்கேதான் நீல மீன் பெருகியிருக்கிறது.

இந்தப் புதிரை என் வீட்டுக் கொல்லையில் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்காகக் கட்டிய மூன்று தொட்டிகளின் கதை இது. மீன் வளர்ப்பவர்கள் பலரும் 'இலை போட்டுத் தண்ணீரைப் பழுப்பாக்கினால் மீனுக்கு நிறம் ஏறும்' என்று சொல்வார்கள். ஏறுவது எந்த நிறம், ஏற்றுவது ஒளியா, தண்ணீரின் வேதியியலா, தரையின் நிறமா, அல்லது நம் கண்ணில்தான் அப்படித் தெரிகிறதா என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை. நான் பிரிக்க விரும்பியது அதைத்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தண்ணீரின் தெளிவு என்று பேசும்போது இரண்டு சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். களிமண் துகள் மிதக்கும் தண்ணீர் கலங்கல்; துகள்கள் எல்லா நிற ஒளியையும் சிதறடிக்கும், கொஞ்ச தூரத்தில் இருப்பதே மங்கிவிடும். இலை ஊறிய தண்ணீரில் துகளே இல்லாமல் இருக்கலாம். கண்ணாடி டம்ளரில் எடுத்துப் பிடித்தால் மறுபக்கம் வைத்த எழுத்தைப் படிக்கலாம். ஆனால் அதில் கரைந்திருக்கும் டானின், ஹியூமிக் அமிலம் போன்றவை புற ஊதாவையும் நீலத்தையும் விழுங்கிவிடும். அலைநீளம் கூடக் கூட விழுங்குவது வேகமாகக் குறையும். சிவப்பு ஏறக்குறைய முழுதாகத் தப்பிவிடும். ஆப்பிரிக்காவின் பருவக் குட்டைகளில் வாழும் நோதோபிராங்கியஸ் பேரினத்துக் கில்லிகள் (கில்லிஃபிஷ் வகை மீன்கள்) பெரும்பாலும் சேற்றுக் கலங்கலில் வாழ்பவை. அங்கும் ஆண்கள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில்தான் இருக்கின்றன, நோதோபிராங்கியஸ் ஃபர்ஸெரியில் சிவப்பு வால், மஞ்சள் வால் என்ற பிரிவும் உண்டு. அது வேறு வகை ஒளி, வேறு கணக்கு. நான் எடுத்துக்கொண்டது கலங்காத, கறை மட்டும் ஏறிய தண்ணீர்.

தொட்டிகள் அமைத்த விதம்

வீட்டுக்குள் வைத்தால் வேலை எளிது. ஆனால் அங்கே ஒளி சரிப்படாது. இந்த மீனின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் ஐந்து வகை உள்ளன: புற ஊதாவில் 360 நானோமீட்டர் வாக்கில் ஒன்று, ஊதாவில் 405 வாக்கில் ஒன்று, நீலத்தில் 455 அருகே ஒன்று, அப்புறம் 540, 570-ஐ ஒட்டி இரண்டு. நாம் தொட்டிக்கு மேல் மாட்டும் வெள்ளை எல்.இ.டி.யில் புற ஊதா கிடையாது, 405-இலும் பெரும்பாலும் ஒன்றுமில்லை. நமக்குப் பளிச்சென்று தெரியும் அந்த அறைத் தொட்டி, ஊற்று மீனுக்கு இரண்டு நிறங்கள் அணைந்துபோன இடம். அதனால் வெளியே, திறந்த வெயிலில், மேலே கண்ணாடி மூடி இல்லாமல் வைப்பது என்று முடிவு செய்தேன்.

புற ஊதா இருக்கிறதா இல்லையா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். குழந்தைகளுக்கு விற்கும் வெயில் மணிகள் போதும். புற ஊதா பட்டால் வெள்ளையிலிருந்து ஊதாவாக மாறும் பிளாஸ்டிக் மணிகள். நரம்பில் கோத்துத் தண்ணீருக்குள் விட்டேன். தெளிந்த தொட்டியின் அடியில் சட்டென்று நிறம் மாறிவிட்டன. இலைச்சாறு கலந்த தொட்டியில் மேல்மட்டத்தில் இருந்த மணி மட்டும் லேசாக மாறியது, கீழே இருந்தவை வெள்ளையாகவே கிடந்தன. அறைக்குள் எல்.இ.டி. விளக்கின் கீழ் ஒன்றுகூட அசையவில்லை. மீன் வளர்க்கும் எவரும் செய்து பார்க்கலாம். செலவும் சொற்பம், கிடைக்கும் விவரமோ பெரிது.

வெளியே வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புளோரிடாவின் கோடையில் நேர்வெயிலில் தொட்டி வைத்தால் தண்ணீர் வெந்துவிடும், நிழல் வேண்டும். கைக்கு எட்டியது ஓக் மர நிழல்தான். ஆனால் மர நிழல் நிறமற்ற நிழல் இல்லை. இலை வழியாக இறங்கும் ஒளியில் நீலமும் சிவப்பும் போய்ப் பச்சை மிஞ்சும். ஒளியின் நிறத்தையே சோதிக்கப் போகும் இடத்தில் அதை விட முடியாது. அதனால் மரத்தை விட்டு விலகி, நர்சரிகளில் கட்டும் கறுப்பு நிழல்வலையை மூன்று தொட்டிக்கும் சேர்த்து ஒரே பந்தலாகக் கட்டினேன். கறுப்பு வலை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். பச்சை வலை வாங்கிவிடாதீர்கள்.

மூன்று தொட்டிகளும் ஒரே அளவு, ஒரே பிராண்டு பிளாஸ்டிக் டப். பக்கங்களில் வெளியிலிருந்து ஒளி நுழையாமல் கறுப்புத் தாள் சுற்றினேன். அடியில் மூன்றிலும் ஒரே பையிலிருந்து எடுத்த கறுப்பு மணல். இது மிக முக்கியம். கில்லிகளின் தோலில் கருநிறமி செல்கள் தரையின் நிறத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். வெளுத்த மணலில் மீன் வெளுக்கும், இருண்ட தரையில் கறுக்கும். இதற்குச் சில நிமிடமோ சில மணி நேரமோ போதும். இலை போட்ட தொட்டியில் நிறம் ஏறியதாகச் சொல்வதில் பெரும்பங்கு அடியில் படிந்த அந்த இருண்ட இலைகளின் வேலை என்பது என் எண்ணம். எனவே இலைகளைத் தொட்டிக்குள் போடவே இல்லை. சாறு மட்டும்தான்.

தொட்டி ஒன்று: தெளிந்த தண்ணீர். தொட்டி இரண்டு: இலைச்சாறு கலந்த தண்ணீர். தொட்டி மூன்று: தெளிந்த தண்ணீர், ஆனால் மேலே ஆம்பர் நிற ஜெல் தாள். நாடக மேடை விளக்குகளுக்கு முன்னால் மாட்டும் தாள் அது; லீ நிறுவனத்தின் 204-ஆம் எண், பகல் ஒளியை டங்ஸ்டன் விளக்கின் நிறத்துக்கு இறக்குவதற்காகச் செய்தது. அதுவும் இலைச்சாறு போலவே நீலத்தை நிறையவும் சிவப்பைக் கொஞ்சமும் வெட்டுகிறது. இந்த மூன்றாவது தொட்டிதான் என் முயற்சியின் மையம். இலைச்சாறு தண்ணீரின் நிறத்தை மட்டும் மாற்றுவதில்லை. அதில் வேறு பொருட்களும் இருக்கின்றன. முட்டையில் பூஞ்சை பிடிப்பது குறையும் என்பார்கள், மீன் அமைதியாகும் என்பார்கள். இரண்டாவது தொட்டியில் ஏதாவது மாற்றம் வந்தால் அது ஒளியாலா சாற்றாலா என்று மூன்றாவதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பி.எச். பற்றிய கவலை இங்கே கிடையாது. எங்கள் பகுதியின் குழாய்த் தண்ணீர் புளோரிடன் நிலத்தடிப் பாறை அடுக்கிலிருந்து வருகிறது. முழுக்கச் சுண்ணாம்பு. அந்தக் கடினத்தன்மை இலையின் அமிலத்தை விழுங்கிவிடுவதால், தண்ணீர் எவ்வளவு பழுப்பானாலும் பி.எச். 8-ஐ ஒட்டியே நின்றது. மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் இதே வேலையைச் செய்பவர்களுக்கு இந்த வசதி இராது. அங்கே பி.எச். இறங்கும், நிற மாற்றத்துக்குக் காரணம் தேடுவதில் இன்னொரு சிக்கல் சேரும்.

டிகாஷன் போடுவது

இலைச்சாற்றுக்கு நாட்டு வாதாம் இலைதான் மீன் வளர்ப்பவர்களின் முதல் தேர்வு. புளோரிடாவின் தென்கோடியில் அந்த மரம் செழிக்கும். வடக்கே உறைபனி விழும் என்பதால் இங்கே அதைப் பார்ப்பது அரிது. காடெங்கும் இருப்பது லைவ் ஓக்கும் சைப்ரஸும். சதுப்பு நீரின் நிறமே இப்படிப்பட்ட மரங்களிலிருந்து வருவதால் நானும் ஓக் இலையையே எடுத்துக்கொண்டேன். மரத்தில் காய்ந்து உதிர்ந்த பழுப்பு இலை மட்டும். பச்சை இலையில் சர்க்கரை இருக்கும், அது பாக்டீரியாவைப் பெருக்கித் தண்ணீரைப் பால் போலக் கலங்கடிக்கும். பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாட்டில்களில் ஃபிரிட்ஜில் வைத்தேன். கடைத் தேயிலையிலும் நிறம் வரும், ஆனால் அதில் கஃபீன் உண்டு. அவசரத்துக்கு ரூய்போஸ் பரவாயில்லை, அதில் கஃபீன் கிடையாது.

எவ்வளவு ஊற்றுவது? கண்மட்டத்துக்கு விட்டால் நாளுக்கொரு நிறமாகும். அதற்காக ஏ.எஸ். 7341 என்ற ஒளி உணரியை ஈ.எஸ்.பி. 32 என்ற சிறிய மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையில் இணைத்தேன். அது 415, 445, 480, 515, 555, 590, 630, 680 நானோமீட்டர் என்று எட்டு நிறங்களில் ஒளியைத் தனித்தனியாக அளக்கும். தண்ணீருக்குள் இறக்க வேண்டுமே. சின்னக் கண்ணாடி ஜாடிக்குள் உணரியை வைத்து, வயர் வெளிவரும் இடத்தைச் சிலிகான் வைத்து அடைத்து, ஜாடியின் வாயில் குழாய் மாட்டும்போது சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைப் பல அடுக்காக இழுத்து ஒட்டினேன். வெவ்வேறு கோணத்திலிருந்து வரும் ஒளியை அது சமமாகப் பரப்பித் தருகிறது. உணரியின் கெயினை, அதாவது அது சமிக்ஞையைப் பெருக்கும் அளவை, தானாக மாறவிடாமல் ஒரே அளவில் பூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டு தொட்டிகளை ஒப்பிடவே முடியாது.

முதலில் அந்த ஜாடியை, மீன் கிடைத்த சாலையோர வாய்க்காலிலேயே ஒரு முழ ஆழத்தில் இறக்கி அளந்தேன். 415-உம் 445-உம் தரையோடு தரையாகக் கிடந்தன. 480-இலிருந்து மெல்ல ஏறி, 590-க்கு மேல் உயர்ந்து நின்றது. அந்த வடிவத்தை இலக்காக வைத்து, இரண்டாவது தொட்டியில் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சரிசெய்தேன். மூன்றாவதில் ஜெல் தாளை ஓரடுக்கு, ஈரடுக்கு என்று மாற்றிப் பார்த்து மிக நெருங்கியதை வைத்துக்கொண்டேன். மழை வந்தால் ஜெல் தாளில் நீர் தேங்கித் தொங்கும். ஒரு பக்கம் சாய்வாகக் கட்ட வேண்டும்.

கறை ஒரு முறை ஏற்றினால் நிலைக்காது. வெயிலே டானினைச் சிதைத்து வெளுக்கச் செய்யும், மழை நீர்க்கச் செய்யும். அதனால் வாரந்தோறும் அளந்து, இறங்கிய அளவுக்குச் சாறு சேர்ப்பது வழக்கமாயிற்று. ஃபில்டரில் கரித்தூள் பை இருந்தால் ஓரிரு நாளில் தண்ணீரை வெள்ளையாக்கிவிடும். மூன்று தொட்டியிலும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டுமே. தெளிந்த தொட்டிக்கு எதிரி பாசி. நுண்பாசி பெருகித் தண்ணீர் பச்சையானால் அது இன்னொரு ஒளிச் சூழல். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டு பச்சையை விட்டுவிடும். அதைத் தடுக்க மூன்றிலும் ஒரே அளவு ஹார்ன்வோர்ட் செடி போட்டேன். இந்த மீனுக்கும் செடி அடர்த்திதான் வீடு; ஆண் ஒவ்வொன்றும் ஒரு செடிக்கொத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டு காவல் காக்கும்.

முட்டையிலிருந்து

நன்னீர் மீன்பிடி உரிமம் எடுத்து, பூங்கா எல்லைக்கு வெளியே உள்ள ஒரு கறுத்த வாய்க்காலில் கைவலையால் பெற்றோர் மீன்களைப் பிடித்தேன். ஊற்றுகள் பல மாநிலப் பூங்காக்களுக்குள் உள்ளன. அங்கே அனுமதியின்றி வளர்ப்புக்கு மீன் எடுக்கக் கூடாது. வாய்க்கால் கரையில் இறங்கும் முன் முதலை இருக்கிறதா என்று நின்று பார்ப்பதும் இந்த ஊரின் பழக்கம்.

ஏன் முட்டையிலிருந்து தொடங்க வேண்டும் என்றால், வளர்ந்த ஆணின் துடுப்பு நிறம் தண்ணீரை மாற்றினால் மாறிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஃபுல்லரும் ஜோசப் டிராவிஸும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, துடுப்பு நிறம் எப்படி அமைகிறது என்பதைப் பற்றியது. துடுப்பு என்ன நிறம் ஆகிறது என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. தேநீர் நிறமேற்றிய தண்ணீரில் வளர்ந்த மகன்கள் நீலமாகும் வாய்ப்பு கூடியது. அந்தத் தண்ணீருக்கு எப்படி எதிர்வினை காட்டுவது என்பதும் ஓரளவு மரபுவழியே வந்தது. வளரும் பருவத்துத் தண்ணீர்தான் முக்கியம் என்று எனக்குப் பட்டது.

அக்ரிலிக் கம்பளி நூலைக் கொத்தாகக் கட்டி, தக்கையில் தொங்கவிட்டால் பெண் மீன் அதில் ஒவ்வொன்றாக முட்டை ஒட்டும். அந்த முட்டைகளை விரலால் எடுத்து மூன்று பங்காகப் பிரித்தேன். ஒரே பெற்றோரின் முட்டைகள் மூன்று தொட்டிக்கும் போனதால், எந்தத் தொட்டிக்கும் தனி மரபு வாய்க்கவில்லை. பூஞ்சைக்காக முட்டைத் தண்ணீரில் மெத்திலீன் ப்ளூ விடுவது பலரின் வழக்கம். தண்ணீரையே நீலமாக்கும் சாயத்தை இந்த வேலையில் சேர்க்க முடியாது. கெட்டுப்போன முட்டையைத் தினமும் பொறுக்கி எடுப்பதே போதுமானதாக இருந்தது.

உணவும் மூன்றுக்கும் ஒன்றே. முதலில் நுண்ணுயிர் ஊறல், பிறகு அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால் குஞ்சு. மீன்களின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் ஒரு பகுதி கரோட்டினாய்டு. அதை மீனால் செய்ய முடியாது, தின்றுதான் பெற வேண்டும். இன்னொரு பகுதி டெரின் வகை நிறமி. அதை உடலே செய்துகொள்ளும். ஒரு தொட்டியில் கொசுப்புழு அதிகம் விழுந்து, இன்னொன்றில் விழாமல் போனால்கூட நிறத்தில் அது தெரியலாம். அதனால் பந்தலைச் சுற்றிக் கொசுவலையும் கட்டினேன்.

நிறத்தை எப்படிப் பார்ப்பது

தொட்டிக்குள் போனை நீட்டிப் படமெடுத்தால் அது மீனின் நிறம் ஆகாது, தண்ணீரின் நிறமும் சேர்ந்தது. போதாக்குறைக்கு போன் தானாகவே வெள்ளைச் சமன் செய்து பழுப்பை நீக்கிவிடும். இரண்டு தொட்டியும் படத்தில் ஒரே மாதிரி ஆகிவிடும். எனவே இரண்டு வகைப் படங்கள் எடுத்தேன். ஒன்று, மீனை ஒடுக்கமான கண்ணாடிப் பெட்டிக்குள் தெளிந்த தண்ணீரில் விட்டு, சாம்பல் அட்டை பக்கத்தில் வைத்து, வெள்ளைச் சமனைப் பூட்டி, கேமரா எதையும் திருத்தாத ரா வடிவத்தில் எடுத்த படம். துடுப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதற்கு இது. மற்றது, அதே பூட்டிய அமைப்பில் தொட்டியின் முன்பக்கக் கறுப்புத் தாளை விலக்கி எடுத்தது. இன்னொரு மீன் அதை எப்படிப் பார்க்கும் என்பதற்கு அதுவே கொஞ்சம் நெருக்கம், அதுவும் கொஞ்சம்தான்; போன் கேமராவுக்குப் புற ஊதா தெரியாது.

நீலம் படமெடுக்கச் சிரமமான நிறம். அது நிறமியிலிருந்து வருவதில்லை. தோலில் அடுக்கடுக்காக இருக்கும் நுண்படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. கோணம் மாறினால் நீலம் பசும்நீலமாகும், சில கோணத்தில் சாம்பலாகிவிடும். விளக்கையும் பெட்டியையும் மேசையில் குறி போட்டு ஒரே இடத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மீனைப் பிடித்த பதற்றத்தில் அது வெளுத்துப் போயிருக்கும், அமைதியாகும் வரை காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாமல் எடுக்கும் படங்களை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

ஆண்கள் முதிர்ந்து துடுப்பில் நிறம் வந்தபோது, இலைச்சாற்றுத் தொட்டியில் நீலம் மற்ற இரண்டையும்விட மிகுதியாக இருந்தது. தெளிந்த தொட்டியில் சிவப்பும் மஞ்சளும் முன்னே நின்றன, நீலமும் இல்லாமல் இல்லை. ஜெல் தாள் போட்ட தொட்டி இடையில் நின்றது. கொல்லைத் தொட்டியில் வளர்ந்த கைப்பிடி அளவு மீன்கள் எதையும் நிரூபிக்கப் போதாது. ஆனாலும் சாறு ஒரு துளியும் படாத மூன்றாவது தொட்டி, தெளிந்த தொட்டியைவிடச் சாற்றுத் தொட்டியின் பக்கம் சாய்ந்தது எனக்குப் பெரிய விஷயம். சாற்றிலுள்ள மருந்துக் குணம் மட்டுமே காரணமாக இருந்தால் அது நடந்திருக்காது.

மூன்றாவது தொட்டி ஏன் முழுதாகச் சாற்றுத் தொட்டி போல ஆகவில்லை? பக்கவாட்டில் அளந்த பிறகுதான் எனக்கு ஒரு காரணம் பிடிபட்டது. ஜெல் தாள் மேலிருந்து வரும் ஒளியை ஒரு முறை வடிகட்டுகிறது, அவ்வளவுதான். கீழே இறங்கிய பிறகு அந்த ஒளி தெளிந்த நீரில் பக்கத்திலும் தூரத்திலும் ஒரே நிறம். இலைச்சாற்றில் அப்படி இல்லை. ஒளி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நீலம் உதிர்ந்துகொண்டே போகும். எதிரே ஒரு முழம் தள்ளி இருக்கும் செடி, அதற்குப் பின்னால் இருக்கும் வெறும் தண்ணீர் எல்லாம் கருஞ்சிவப்பாகிவிடும். பக்கத்தில் நிற்கும் மீனோ கொஞ்சம் நீலத்தை வைத்திருக்கும். மீனுக்கும் பின்புலத்துக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை ஜெல் தாளால் தர முடியாது.

நீலத்தின் புதிரும் இங்கேதான் அவிழ்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நிறம் எவ்வளவு பிரகாசம் என்பது ஒரு கேள்வி, தன் பின்னணியிலிருந்து எவ்வளவு விலகித் தெரிகிறது என்பது வேறு கேள்வி. சிவப்புச் சேலையில் சிந்திய குங்குமம் தனியாகத் தெரியாதது போல, கருஞ்சிவப்புத் தண்ணீருக்கு முன்னால் சிவப்புத் துடுப்பு கரைந்துவிடுகிறது. நீலத் துடுப்பு அங்கே மங்கல்தான், ஆனால் பின்னணியில் துளியும் இல்லாத ஒன்றை அது திருப்பி அனுப்புகிறது. தொட்டிக்குள் எடுத்த பூட்டிய படங்களில் இதை நேராகப் பார்க்க முடிந்தது: சாற்றுத் தொட்டியில் சிவப்பு ஆண்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், நீல ஆண் துடுப்பை விரித்த கணமே தெரிந்துவிடும். தெளிந்த தொட்டியில் பின்னணியே நீலமும் பச்சையும் சேர்ந்தது. அங்கே சிவப்புக்கும் மஞ்சளுக்கும் அந்த வசதி.

இன்னொரு பக்கம் பார்க்கும் கண். ஊற்று மீன்களின் விழித்திரையில் புற ஊதா, ஊதாக் கூம்புகள் மிகுதி. சதுப்பு மீன்களில் மஞ்சள், சிவப்புக் கூம்புகள் மிகுதி. இதுவும் ஃபுல்லர் குழுவினரின் கண்டுபிடிப்பு. வளர்ந்த மீனை வேறு ஒளிக்கு மாற்றினால் கண்ணில் ஆப்சின் (ஒளியை உணரும் புரதம்) மரபணுக்களின் செயல்பாடு சில நாட்களிலேயே மாறத் தொடங்கும் என்று 2011-இல் காட்டினார்கள். தொட்டி வைப்பவர்களுக்கு இது நடைமுறைச் செய்தி. மீனைப் புதுத் தண்ணீரில் விட்ட அன்றைக்கே அதன் நடத்தையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கண்ணே இன்னும் பழகியிருக்காது.

வளர்ந்த சில ஆண்களைத் தெளிந்த தொட்டியிலிருந்து சாற்றுத் தொட்டிக்கு மாற்றியும் பார்த்தேன். குதத் துடுப்பின் நிறம் மாறவில்லை. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. பக்கக் கோடு மட்டும் கறுத்து அழுத்தமாயிற்று, துடுப்பை விரித்து நிற்பதும் கூடியது. கடையில் வாங்கிய வளர்ந்த மீனுக்கு இலை போட்டு 'நிறம் ஏற்றுபவர்கள்' காண்பது பெரும்பாலும் இந்தக் கறுப்பையும் இந்தத் துணிச்சலையும்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அது கெட்டது இல்லை, மீன் நிம்மதியாக இருக்கிறது என்பதன் அடையாளம். ஆனால் நீலம் வேண்டும் என்றால் குஞ்சிலிருந்தே கறை நீரில் வளர்க்க வேண்டும், அதுவும் மரபில் இடம் இருந்தால்தான்.

இந்த வேலையில் இறங்கிய பிறகு ஊற்றுகளைப் பற்றிய கவலை எனக்குக் கூடிவிட்டது. ஆறு பெருகி மட்டம் உயரும்போது கறுத்த ஆற்று நீர் ஊற்றுக்குள்ளேயே பின்னோக்கிப் பாய்வது சுவானி, சான்டா ஃபே ஆற்றுக் கரைகளில் வழக்கமாக நடப்பதுதான். வெள்ளம் வடிந்ததும் ஊற்று மறுபடி தெளியும். வகுல்லா ஊற்றின் கதை வேறு. கண்ணாடி அடிப் படகுகளுக்குப் பெயர்போன இடம் அது. தண்ணீர் தெளிவு குறைந்துபோனதால் அந்தப் படகுகள் இப்போது எப்போதாவதுதான் ஓடுகின்றன. சுற்றுலாப் பயணிக்கு அது ஏமாற்றம். அந்தத் தண்ணீரில் புற ஊதாவையும் ஊதாவையும் பார்க்கவென்றே கண் அமைந்த மீன் கூட்டத்துக்கு அதைவிடப் பெரிய மாற்றம். தெளிந்த நீர் போனால் தெளிந்த நீருக்கென்று ஆன நிறங்களின் கதி என்ன என்பதை யாராவது ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அடுத்த சுற்றுக்கு இரண்டு மாற்றங்கள். ஜெல் தாளை மேலே மட்டும் கட்டாமல், தொட்டிக்குள் ஒரு சாண் இடைவெளியில் செங்குத்தான தடுப்புகளாகவும் நிறுத்தப் போகிறேன்; மீன் நீந்த அடியில் வழி விட்டு. தூரம் போகப் போக நீலம் உதிர்வதை அது ஓரளவாவது நடித்துக் காட்டும். பெற்றோரைத் தெளிந்த ஓடையிலிருந்தும் எடுத்து, சதுப்புக் குடும்பம், ஊற்றுக் குடும்பம் என்று இரண்டையும் பிரித்து வளர்க்க வேண்டும். அதற்குத் தொட்டிகள் ஆறாகும். இப்போதுள்ள மீன்கள் வாய்க்காலுக்குத் திரும்பாது. வளர்ப்புத் தொட்டியில் இருந்ததை இயற்கை நீரில் விட்டால் நோயும் சேர்ந்து போகும் என்பதால் அவை கடைசிவரை என்னோடுதான்.